நேராக நின்ற குதிரை

லிஃப்ட்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது எதையாவது பார்த்தேன் என்று சொன்னால் போதும், "நீங்களே பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சினிமா நடிகர் ஒருவரைப் பார்த்ததாக ஓடிவந்து சொன்னார். சட்டை என்ன நிறம், எந்தக் கையில் கடிகாரம், முகத்தை நேராகப் பார்த்தீர்களா பக்கவாட்டிலா என்று இவர் ஆரம்பித்தார். ஐந்தாவது கேள்வியில் அந்த மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து இவருக்கு எந்தச் செய்தியும் வருவதில்லை.

இதில் அவர் தொழிலுக்கும் பங்கு உண்டு. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பராமரிப்பு. ஒவ்வொரு லிஃப்டின் இயந்திர அறையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். பிரேக் பார்த்தாயிற்று, கம்பிவடம் பார்த்தாயிற்று, கதவு பார்த்தாயிற்று என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே ஒரு மாதத்துக்கான கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். இவர் மேலே ஏறி, கீழே குழிக்குள் இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்து, கடைசியில் தானே அந்த லிஃப்டில் மேலும் கீழும் இரண்டு தடவை போய் வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். "பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதினா, நாளைக்கு அதுல ஏறுறவன் யாரு?" என்பார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர்களுக்குத்தான் உயிர் போகும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வானத்தைப் பார்க்கும் ஆசை வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

பத்து அங்குலக் கண்ணாடி ஒன்றைப் பதினொரு மாதம் கையாலேயே தேய்த்து உருவாக்கினார். அட்டைக் குழாய், பழைய லிஃப்ட் கேபினின் பலகை, கதவு உருளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு தொலைநோக்கி ஆனது. பிடித்துத் திருப்புவதற்குக் கேபினின் கைப்பிடிக் கம்பி. குழாயின் பக்கவாட்டில் '4' என்று எழுதிய பித்தளைப் பொத்தான் ஒன்றையும் ஒட்டிவைத்தார். அதை அழுத்தினால் எதுவும் நடக்காது. ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நிலா, சனிக் கோளின் வளையம் என்று சுலபமானவற்றில் அவர் மனம் நிற்கவில்லை. அவர் தேடிப் போனதெல்லாம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று அடம்பிடிக்கும் சமாசாரங்கள். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு மண்டலம், இவர் கண்ணாடியில் வந்து விழும்போது மூச்சுப்பட்ட கறை மாதிரி இருக்கும். அதுவும் நேராகப் பார்த்தால் காணாமல் போய்விடும். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு ஓரத்தால் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். தலையில் கறுப்புத் துணி போர்த்திக்கொள்ள வேண்டும். குழாயை விரலால் லேசாகத் தட்டினால் கறை அசையும், அசைந்தால்தான் அது இருப்பதே தெரியும்.

"ஓரக்கண்ணால பார்க்கற வயசா இது?" என்று கேட்டாள் மனைவி. கேட்டுவிட்டு, வெளிச்சம் ஊடுருவாத இரட்டைக் கறுப்புத் துணியில் அவருக்கு ஒரு முக்காடும் தைத்துக் கொடுத்தாள்.

அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நாற்பது தையல்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், யார் தைப்பதற்கும் முன்னால் துணி அவள் கத்தரிக்குத்தான் வர வேண்டும். வீட்டிலும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். சும்மா கேலிக்குக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஊரில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வானியல் சங்கம் இருந்தது. நூலகத்தின் வாசிப்பு அறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். நூலகர் அம்மாதான் செயலாளர். சங்கத்தில் நானூறு பொருள்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றையும் பார்த்து, பென்சிலால் வரைந்து, தாளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தாளைச் சரிபார்க்கும் வேலையை லிஃப்ட்காரரிடம் விட்டிருந்தார்கள். அதனால் சங்கத்தில் அவருக்கு நீதிபதி என்று பெயர். அவர் போட்ட விதி ஒன்று உண்டு: படம் வரைவது தொலைநோக்கி பக்கத்தில் மட்டும்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது.

நானூறையும் முடித்தவர் சங்கத்தில் ஒரே ஒருவர். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நானூறாவது எண்தான் குதிரைத்தலை. வேட்டைக்காரன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஓரத்தில் இருப்பதன் கீழே மிக மங்கலான ஒளிப்பட்டை ஒன்று தொங்கும். அந்தப் பட்டையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதில் கறுப்பாக ஒரு கடி. பட்டையைக் கடித்த அந்தத் தூசி மேகம்தான், புகைப்படத்தில் பார்த்தால் அச்சு அசல் குதிரையின் தலை. புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு அது சுலபம். கண்ணால் பார்ப்பது என்பது, இல்லாத வெளிச்சத்தில் இன்னும் இல்லாத ஓர் ஓட்டையைத் தேடுவது. நான்கு வருடம் தேடி, ஏழு வருடத்துக்கு முன்னால் லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

இந்த வருடம் நூலகர் அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நூலகக் கூடத்தில் சங்கத்தின் படங்களைக் காட்சிக்கு வைக்கலாம். வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில், ஆறடிக்கு ஆறடி கறுப்புத் துணியில், குதிரைத்தலை.

"மாஸ்டர் கையால வரைஞ்சு கொடுத்தாங்கன்னா நல்லா இருக்கும்" என்றார் அம்மா.

மாஸ்டருக்குச் சின்ன அளவைப் பெரிதாக்குவது தண்ணீர் பட்ட பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையை ஒழித்து, கறுப்புத் துணியை விரித்தாள். ஒரு பக்கம் கணவரின் நோட்டுப் புத்தகம், இன்னொரு பக்கம் புகைப்படங்கள் உள்ள தடித்த வானியல் புத்தகம். நட்சத்திரங்களின் இடம் பிசகக் கூடாது என்று இரண்டையும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். சாக்கட்டியை எடுத்தவள், துணியின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடப் போய், நின்றாள்.

"ஏங்க, இதுக்கு மேல் பக்கம் எது?"

எதை வெட்டுவதற்கு முன்னாலும் அவள் அம்பு போட்டுவிடுவாள். வெல்வெட் துணிக்கு மேல் கீழ் உண்டு. சட்டையின் ஒரு கையை மட்டும் தலைகீழாக வெட்டிவிட்டால், தைத்து முடித்த பிறகு அந்தக் கை மட்டும் வேறு நிறமாகப் பல்லிளிக்கும். அப்படி ஒரு தடவை முந்நூறு கோட்டு வீணாய்ப் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

லிஃப்ட்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என் கண்ணாடியில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். நோட்டைத் தலைகீழாத் திருப்பிப் பிடி, புக்குல இருக்கற மாதிரியே வந்துடும்."

மாஸ்டர் நோட்டைத் திருப்பினாள். ஒரு நட்சத்திரத்தின் மேல் விரல் வைத்தாள், புத்தகத்தில் அதே இடத்தில் இன்னொரு விரல். சரி. அடுத்தது, சரி. ஜோடியாக இரண்டு, அதுவும் சரி. குதிரையிடம் வந்தபோது விரல் நின்றது.

"புக்குல குதிரை இடது பக்கத்துல இருந்து தலையை நீட்டுது. உங்க நோட்டைத் திருப்பினா வலது பக்கத்துல இருந்து நீட்டுது."

"நீ சரியாத் திருப்பலை."

"திருப்பாம வச்சா குதிரை பொருந்துது. ஆனா நட்சத்திரம் ஒண்ணுகூடப் பொருந்தலை." அவள் நோட்டை இப்படியும் அப்படியும் வைத்துக் காட்டினாள். "ஊரே தலைகீழா நிக்கறப்ப இந்தக் குதிரை மட்டும் எப்படிங்க நேரா நிக்குது?"

லிஃப்ட்காரர் வாயில் பிரஷ்ஷோடு வந்து குனிந்து பார்த்தார். நுரை துணியில் சொட்டியது. மாஸ்டர் அதற்குக்கூடத் திட்டவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த மாலையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. விரல்கள் விறைத்துவிட்டன. நட்சத்திரங்களை அங்கேயே வரைந்தார், பட்டையையும் அங்கேயே வரைந்தார். அதன் நடுவில் ஏதோ கறுப்பாகத் துடித்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பென்சில் முனை ஒடிந்துபோயிற்று. அதுதான் மனதில் பதிந்துவிட்டதே, காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார். மறுநாள் இதே மேஜையில் உட்கார்ந்து வரைந்தார். இதே புத்தகம் இதே பக்கத்தில் திறந்திருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. மனதாரப் பார்த்தேன் என்று நம்பித்தான் வரைந்தார். அதுதான் மோசம். பொய்யாக இருந்தால் இவ்வளவு காலம் தூக்கம் வந்திருக்காது.

"விடுங்க" என்றாள் மாஸ்டர். கணவரின் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது. "நான் துணியில சரியாப் போட்டுடறேன். யார் வந்து நோட்டோட ஒத்துப் பார்க்கப் போறாங்க?"

இத்தனை வருடமாக அடுத்தவன் படத்தில் ஒரு புள்ளியைக்கூட விடாத மனிதர், போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். பிறகு, "போடு" என்றார். சொன்னவர் அவர்தான், சந்தேகமே வேண்டாம்.

தொலைநோக்கியில் தெரிகிறபடியே தலைகீழாக இருக்கட்டும் என்று அம்பைப் போட்டுவிட்டு, அவள் சாக்கட்டியால் பட்டையை இழுத்தாள். வலது பக்கத்திலிருந்து கட்டைவிரல் மாதிரி ஒரு மேட்டை உள்ளே நுழைத்தாள். நிமிர்ந்து, "இப்படித்தானே?" என்றாள்.

லிஃப்ட்காரர் அந்தத் துணியைப் பார்த்தார். இதை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். இதே பட்டை, வலது பக்கத்திலிருந்து இதே கட்டைவிரல். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பல் டாக்டர்" என்றார்.

"பல் வலிக்குதா?"

"இல்ல மாஸ்டர். பல் டாக்டர் போட்ட படம் இதுதான்."

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை அது. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர், வாங்கி ஒரு வருடமே ஆன தொலைநோக்கியில் குதிரைத்தலையைப் பார்த்துவிட்டேன் என்று தாளோடு வந்து நின்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல். அவருடைய தொலைநோக்கியும் இவருடையதைப் போலவே எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் வகைதான். நீதிபதி தன் படத்தைப் பக்கத்தில் வைத்தார். நட்சத்திரங்கள் பொருந்தின, குதிரை பொருந்தவில்லை. இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம் இருந்தது. "எனக்கு அந்தப் பக்கம்தான் தெரிஞ்சுது அண்ணா" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அதற்கு இவர், "சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னா பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்களே டாக்டர்" என்றார். வாசிப்பு அறையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். இவர் சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சொல்லை வீட்டில் வந்து மாஸ்டரிடமும் சொல்லிக் காட்டிச் சிரித்தவர் அவர். அதன்பிறகு டாக்டர் இரண்டு கூட்டத்துக்கு வந்தார். அப்புறம் வரவில்லை.

"போய்ச் சொல்லணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"சொல்லுங்க" என்றாள் மாஸ்டர். சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, துணியில் விழுந்த நுரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

டாக்டரின் மருத்துவமனை ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தின் லிஃப்டும் இவர் பொறுப்புதான். மூன்று வருடமாக மாதம் ஒருமுறை போகிறார், எப்போதாவது கேபினில் எதிர்ப்படுவார்கள். டாக்டர் தலையாட்டுவார், இவர் கதவின் சத்தத்தைக் கேட்பது போல் காதைச் சாய்த்துக்கொள்வார். திங்கட்கிழமை மாலை, நோட்டையும் வானியல் புத்தகத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறியே போனார்.

வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பிரச்சினை சார்?"

குதிரை என்று சொல்ல முடியுமா? "பல்" என்றார்.

"எந்தப் பல்லு?"

நாக்கால் துழாவிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கீழ்வரிசையில் ஒன்றைக் காட்டினார். முன்பதிவு செய்த யாரோ வராமல் போனதால் பத்தாவது நிமிடமே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைத் திறக்கும் முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். நாற்காலி பின்னால் சாய்ந்தது, முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தது, முகமூடி போட்ட டாக்டர், "ஆ காட்டுங்க அண்ணா" என்றார். காட்டினார். அவ்வளவுதான், பேச்சு போயிற்று.

"டாக்டர், குதி..."

"அசையாதீங்க." கொக்கி மாதிரி ஒரு கருவி உள்ளே போனது. தட்டினார், உரசினார், சின்னக் கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொன்ன பல்லு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துப் பல்லுலதான் சொத்தை."

சொன்ன பிறகுதான் டாக்டருக்கும் அந்த வார்த்தைகள் உறைத்தன போலிருக்கிறது. முகமூடிக்கு மேலே கண்கள் ஒரு கணம் நின்றன. லிஃப்ட்காரருக்குக் காது வரை சூடேறியது. வாய் திறந்திருக்கும் மனிதனால் வெட்கப்படக்கூட ஒழுங்காக முடிவதில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைக் குடைந்து அடைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்து உட்கார்ந்தவரின் பாதி உதடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியும் விடவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, கருவிகள் இருந்த தட்டை நகர்த்திவிட்டு அங்கே விரித்தார்.

"டாக்டர், உங்க படம்... அந்தத் தாளு... இருக்கா?"

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, பழைய எக்ஸ்ரே உறைகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே அந்தத் தாள், குறுக்கே சிவப்புக் கோட்டோடு. கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்திருந்தார்.

சுவரில் எக்ஸ்ரே பார்க்கும் வெள்ளை விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தன் நோட்டிலிருந்து நானூறாவது பக்கத்தைச் சரக்கென்று கிழித்தார். நோட்டுப் புத்தகத்தில் பக்கம் கிழிப்பது என்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையில் வைத்தார். நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டு குதிரைகள் மட்டும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நின்றன. வானியல் புத்தகத்தைத் திறந்து, தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் பிடித்தார்.

"புத்தகத்தைத் திருப்பினா குதிரை எந்தப் பக்கம் வருதுன்னு பாருங்க. நான் வீட்டுல உட்கார்ந்து புக்கைப் பார்த்துப் போட்டிருக்கேன் டாக்டர். எனக்கே தெரியாம. நீங்க... வானத்தைப் பார்த்துப் போட்டிருக்கீங்க." மரத்த உதட்டில் எச்சில் வழிந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னோடது. எல்லார் முன்னாடியும் சிரிக்க வச்சேன். மன்னிச்சுடுங்க."

டாக்டர் பலகையின் அருகே போய் நின்றார். வெளியே அடுத்த நோயாளி இருமுவது கேட்டது.

"அதுக்கப்புறம் நான் வானத்தையே பார்க்கலை அண்ணா" என்றார். "கோபம் இல்ல. என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. எக்ஸ்ரேல ஒரு சின்ன நிழல் தெரிஞ்சாக்கூட, நிஜமாவே இருக்கா, நானா நினைச்சுக்கறேனான்னு மறுபடி மறுபடி பார்ப்பேன். சில நாள் இன்னொரு டாக்டருக்கு அனுப்பிக் கேட்பேன்." விரலால் தன் தாளில் இருந்த அந்தக் கட்டைவிரல் மேட்டைத் தொட்டார். "அப்ப, நான் பார்த்தேனா?"

"பார்த்தீங்க."

"நிஜமா பார்த்தேனா அண்ணா?"

"நிஜமா பார்த்தீங்க டாக்டர். நம்ம சங்கத்துல பார்த்த ஒரே ஆள் நீங்கதான்."

டாக்டர் சட்டென்று திரும்பிக் கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நெடுநேரம் கழுவினார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, நிலா இல்லாத மாலை. நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள நீரேற்று நிலையத்தின் பின்புறத்துக்கு மூவரும் போனார்கள். டாக்டரின் தொலைநோக்கி மூன்று வருடத் தூசியோடு வந்தது. மாஸ்டர் மடக்கு நாற்காலி, பிளாஸ்க், பிஸ்கட், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் எல்லாம் எடுத்துவந்திருந்தாள். ஏழரை மணிக்கே வேட்டைக்காரன் உச்சிக்கு வந்துவிட்டான். காற்று இல்லை. இப்படி ஒரு வானம் வருடத்துக்கு இரண்டு முறை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டாக்டர் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, வேண்டாத வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டிக் கண்ணாடியைத் திருகி மாட்டி, குனிந்தார். கால் மணி நேரம் கழித்து, "வந்துடுச்சு" என்றார். "அதே இடம் அண்ணா. போகுது, வருது, போகுது... இதோ." தாளில் வரைந்தார். யாருக்கும் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து லிஃப்ட்காரர். தன் தொலைநோக்கியில் அரை மணி நேரம், பிறகு டாக்டருடையதில் அரை மணி நேரம். முக்காட்டைப் போட்டுக்கொண்டார், ஓரக்கண்ணால் பார்த்தார், குழாயைத் தட்டினார், மூச்சைப் பிடித்தார். பட்டை தெரிந்தது. பட்டை மட்டும்தான் தெரிந்தது. இங்கேதான் இருக்க வேண்டும் என்று தெரிந்த இடத்தில் கறுப்பாக ஒன்று துடிக்க ஆரம்பிக்கும். உடனே கண்ணை எடுத்துவிடுவார். ஏழு வருடத்துக்கு முன்னால் துடித்ததும் இந்த நினைப்புதான் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, அந்த ஜோடி நட்சத்திரத்துல இருந்து கொஞ்சம்..."

"சொல்லாதீங்க டாக்டர்!" முக்காட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "சொன்னீங்கன்னா தெரிஞ்சுடும்."

ஒன்பது மணிக்கு நிமிர்ந்தார். முழங்கால் மளுக்கென்றது. ஐம்பத்து மூன்று வயதில் கண்ணின் பாவை இளம் வயதில் விரிகிற அளவுக்கு விரியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இனி விரியப் போவதும் இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் தாளை மடியில் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். நட்சத்திரங்களைப் போட்டார், பட்டையை விரலால் தேய்த்து மங்கலாக்கினார். நடுவில் வந்ததும் பென்சில் நின்றது. அப்புறம் அதைப் பையில் செருகிவிட்டு, பேனாவை எடுத்தார்.

எண் நானூறு. பார்க்கவில்லை. தேதி, நேரம். கீழே, லிஃப்ட் நோட்டுகளில் போடும் அதே முழுக் கையெழுத்து.

"சரிபார்த்துக் கொடுங்க" என்று தாளை டாக்டரிடம் நீட்டினார்.

"நானா?"

"வேற யாரு? பார்த்தவங்கதானே சரிபார்க்கணும்."

டாக்டர் தாளை வாங்கிச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "அண்ணா, கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். இவ்வளவு நேரம் பார்த்தீங்களே. ஒரு சின்னப் புள்ளி..."

மாஸ்டர் எட்டி அந்தத் தாளை வாங்கினாள். வானியல் புத்தகத்தை மடியில் திறந்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு நட்சத்திரமாக விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. நடுவில் இருந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்து, நேராகவும் திருப்பியும் பார்த்தாள்.

"இதுல ஒரு தப்பும் இல்லை" என்றாள். "கையெழுத்துப் போடுங்க டாக்டர்."

டாக்டர் போட்டார். லிஃப்ட்காரர் தாளைத் திரும்ப வாங்கி, கிழித்த பக்கம் இருந்த இடத்தில் செருகி, நோட்டை மூடினார்.

சனிக்கிழமை நூலகக் கூடத்தில் வாசலுக்கு எதிரே ஆறடித் துணி தொங்கியது, கீழே பல் டாக்டரின் பெயர். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சட்டத்தில் நானூறாவது தாள் இருந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், நடுவில் எதையோ போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நூலகர் அம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றார்.

"மறக்கலைங்க" என்றார் ஒவ்வொருவரிடமும். "அது நான் பார்க்காதது."